மருத்துவ வண்டி எந்தத் தெருவில் நிற்கிறது?

மாதத்தில் குறித்த ஒரு நாளில் மருத்துவக் குழு வண்டியில் ஊருக்கு வருகிறது. ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், ஒரு ஆய்வக நுட்பநர், ஓட்டுநர், மருந்துப் பெட்டிகள், ரத்த அழுத்தக் கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி எல்லாம் அதில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பேருந்து ஏறிப் போக முடியாதவர்களுக்காகவே தமிழ்நாட்டின் 385 வட்டாரங்களிலும் இந்த நடமாடும் மருத்துவக் குழுக்கள் இயங்குகின்றன. கட்டணம் கிடையாது, சிபாரிசும் தேவையில்லை. பெயர் சொல்லி வரிசையில் நின்றால் போதும்.

திட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் பக்கத்தைப் படிக்கும் நம் தெரு வாசகர்களுக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அந்த வண்டி உங்கள் ஊரில் எந்த இடத்தில் நிற்கிறது?

பெரும்பாலான ஊர்களில் பதில் ஒரே மாதிரிதான் வரும். ஊராட்சி மன்ற அலுவலக வாசல், பால் சொசைட்டி, கோயில் திடல், ஊர்த் தெருவின் ஆலமரத்தடி. வண்டி திரும்ப இடம் இருக்கிறது, நிழல் இருக்கிறது, நாற்காலி போட ஆள் இருக்கிறது என்று காரணம் சொல்வார்கள். அத்தனையும் நியாயமான காரணங்கள்தான். ஆனால் அங்கிருந்து ஒரு கிலோமீட்டர், ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, வாய்க்கால் மதகைத் தாண்டி இருக்கிறது நம் தெரு. மூட்டு வலியோடு தடி ஊன்றி நடக்கும் ஒரு மூதாட்டிக்கு அந்த ஒன்றரை கிலோமீட்டரும் பக்கத்து டவுன் மருத்துவமனையும் ஒரே தூரம்தான். இரண்டுக்கும் அவரால் போக முடியாது.

ஓர் ஊருக்கு இரண்டு வரைபடம்

வருவாய்த் துறைக் கணக்கில் ஊர் ஒன்று. வாழ்க்கையில் ஊர் வேறு, சேரி வேறு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 20 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். திருவாரூர் மாவட்டத்தில் அது 34 விழுக்காடு. அதாவது மூன்றில் ஒருவருக்கு மேல். ஆனால் டெல்டா கிராமம் எதற்குள் நுழைந்தாலும், நூலகமும் ரேஷன் கடையும் துணை சுகாதார நிலையமும் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று பார்த்தாலே ஊர் எப்படிப் பிரிந்து கிடக்கிறது என்பது விளங்கிவிடும்.

2025 ஏப்ரலில், 'காலனி' என்ற சொல் வசைச் சொல்லாக மாறிவிட்டது என்பதால் அரசு ஆவணங்களிலிருந்து அது நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். வரவேற்க வேண்டிய முடிவு. பெயர்ப் பலகை மாறிய தெருவுக்கு அரசு வண்டியும் வந்து சேர வேண்டும் என்பதுதான் அடுத்த கோரிக்கையாக இருக்க முடியும்.

சுகாதாரப் பணியாளர் சேரிக்குள் வராத வழக்கம் ஏதோ நம் மனக்குறை அல்ல, பதிவான உண்மை. கன்ஷியாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுகதேவ் தோரட் உள்ளிட்ட ஐந்து அறிஞர்கள் 11 மாநிலங்களில் 565 கிராமங்களின் தகவல்களைத் தொகுத்து, கிராமப்புற இந்தியாவில் தீண்டாமை பற்றி 2006இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். பொதுச் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் செல்ல மறுக்கும் வழக்கம் 33 விழுக்காடு கிராமங்களில் இருந்ததாக அதில் பதிவாகியுள்ளது. மூன்று கிராமத்தில் ஒன்று. அந்த நூல் வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. ஆனாலும் நம் ஊர் அந்த மூன்றில் எது என்று கேட்டுப் பார்க்கும் வேலை மிச்சம் இருக்கிறது.

சட்டம் எங்கே நிற்கிறது?

சட்டப் புத்தகத்தில் நமக்கு உரிமை இருக்கிறது. குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1955, ஐந்தாவது பிரிவில், தீண்டாமையின் பேரில் ஒருவரை மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ சேர்க்க மறுப்பது குற்றம் என்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989, 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ மருத்துவமனை, மருந்தகம், ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவற்றுக்குள் நுழைவதைத் தடுப்பதைத் தனியாகவே குற்றப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இந்தத் திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது. மாணவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் இந்த இரண்டு சட்டங்களும் கதவை மூடுகிறவனைத்தான் பிடிக்கும். மருத்துவ வண்டி விஷயத்தில் யாரும் கதவை மூடுவதில்லை. 'வராதே' என்று ஒருவரும் சொல்வதில்லை. வண்டி மதகுக்கு அந்தப் பக்கம் நின்று, மணி ஆனதும் கிளம்பிப் போகிறது, அவ்வளவுதான். குற்றவாளி இல்லை, சாட்சி இல்லை, வழக்கும் இல்லை. மருந்து மட்டும் வந்து சேர்வதில்லை. புகார் கொடுக்க வழியில்லாத இந்த மாதிரிப் புறக்கணிப்பைக் காவல் நிலையத்தில் தீர்க்க முடியாது. கிராம சபையிலும் வட்டார மருத்துவ அலுவலகத்திலும்தான் தீர்க்க வேண்டும்.

இடம் மட்டுமல்ல, நேரமும்

வண்டி வரும் நேரம் பெரும்பாலும் காலை பத்து மணிக்கு மேல். அந்த நேரத்தில் நம் தெருவில் யார் இருக்கிறார்கள்? குறுவை நடவு என்றால் பெண்கள் விடியற்காலையிலேயே வயலில் இறங்கிவிடுவார்கள். களை பறிப்பு, அறுவடைக் காலத்திலும் அப்படித்தான். நூறு நாள் வேலை என்றால் காலையிலேயே கைபேசியில் படம் எடுத்து வருகை பதிவாகிவிடும். நடுவில் கிளம்பினால் அன்றைய கூலி கேள்விக்குறி. ஆண்களில் பாதிப் பேர் திருப்பூரிலும் சென்னையிலும் கட்டட வேலையில் இருக்கிறார்கள். தெருவில் மிஞ்சியிருப்பது நடக்க முடியாத முதியவர்களும் கைக்குழந்தைகளும் மட்டும்.

சர்க்கரை பார்க்க ஒரு நாள் கூலியை விட வேண்டும் என்றால் யாரும் சர்க்கரை பார்க்க மாட்டார்கள். இதை அறியாமை என்று சொல்வது சுலபம். கூலிக்குப் போனால்தான் உலை கொதிக்கும் வீட்டில் அது கணக்கு. காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றால் ஆள் படுத்துவிடும், மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் அப்படியல்ல. வலிக்காது. வேலை செய்யவும் விடும். ஐந்து வருடம், பத்து வருடம் உள்ளுக்குள்ளேயே கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்பையும் அரித்துவிட்டு, ஒரு நாள் பக்கவாதமாகவோ ஆறாத புண்ணாகவோ வெளியே வரும்.

வயலில் வேலை செய்கிறவருக்கு இதில் தனி ஆபத்து உண்டு. சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு, சேற்றுக்குள் கிடக்கும் கருவேல முள் குத்தியதே தெரியாது. வெறுங்காலோடு நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்கும் கால். புண் பெரிதாகி நாற்றம் வந்த பிறகுதான் வீட்டில் உள்ளவர்கள் பார்ப்பார்கள். அதன் பிறகு மாவட்ட மருத்துவமனை, அறுவைச் சிகிச்சை, ஒரு விரலோ ஒரு காலோ. கூலி வேலையை நம்பிய குடும்பத்தில் ஒரு கால் போவது என்றால் பிள்ளையின் படிப்பும் சேர்ந்து போவதுதான். மாதம் ஒரு முறை ஒரு சொட்டு ரத்தம் பார்த்து, ஒரு சீட்டு மாத்திரை தொடர்ந்து கொடுத்திருந்தால் பெரும்பாலும் தவிர்த்திருக்கக்கூடிய இழப்பு இது. அண்ணல் அம்பேத்கரே கடைசி ஆண்டுகளில் சர்க்கரை நோயோடு போராடியவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டு வாசலுக்கு வந்த திட்டம்

தமிழ்நாடு இதைப் புரிந்துகொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்களுக்கு வீட்டுக்கே மாத்திரை, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி நிவாரணப் பராமரிப்பு, முடங்கிய கை கால்களுக்கு இயன்முறைப் பயிற்சி என்று அது வீடு தேடிப் போகிறது. மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்களே தன்னார்வலர்களாகச் சேர்க்கப்பட்டார்கள். தொற்றா நோய்களைத் தடுக்கும் பணிக்காக 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் பணிக்குழு விருதும் இதற்குக் கிடைத்தது.

ஏற்கெனவே ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில் நடக்கும் மாநிலம் இது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் அது 99.6 விழுக்காடு. 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் வந்ததும், கிராம சுகாதாரச் செவிலியர்கள் தெருத் தெருவாக நடந்ததும் இதில் பெரிய பங்கு வகித்தன. நம் தெருக்களில் 'நர்சம்மா' என்று மரியாதையோடு அழைக்கப்படும் அந்தப் பெண்களின் உழைப்பைக் குறைத்துப் பேசக் கூடாது. சமவெளியில் ஐந்தாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. ஐந்தாயிரம் பேரின் தடுப்பூசி, கர்ப்பிணிக் கணக்கு, காய்ச்சல் கணக்கு எல்லாம் பெரும்பாலும் அந்த ஒருவர் தலையில்தான்.

ஆனாலும் அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பது தெரிந்தது. பிரசவம் ஒரு நாள் நிகழ்வு. அந்த ஒரு நாளுக்கு நம்மை மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்க அரசுக்குத் தெரிந்துவிட்டது. ஆண்டு முழுக்க, ஆயுள் முழுக்கத் தொடர வேண்டிய மருத்துவத்தைக் கடைசித் தெரு வரை கொண்டுவருவதில்தான் இன்னும் ஓட்டை இருக்கிறது.

ஜாம்கேட் சொல்லும் பாடம்

வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் படித்த தம்பதி ரஜனிகாந்த் ஆரோலே, மேபெல் ஆரோலே. 1970இல் இவர்கள் மகாராஷ்டிரத்தின் வறண்ட பகுதியான ஜாம்கேட்டில் ஒரு கிராமச் சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கினார்கள். வெளியிலிருந்து பயிற்சி பெற்ற செவிலியர்களைக் கிராமங்களில் வைத்துப் பார்த்தார்கள், சரிவரவில்லை. பிறகு அந்தந்த ஊர்ப் பெண்களையே தேர்ந்தெடுத்துச் சுகாதாரப் பணியாளர்களாக்கினார்கள். அவர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், பலர் தலித் பெண்கள். யார் தொட்டால் தீட்டு என்று ஊர் சொன்னதோ, அந்தப் பெண்தான் எல்லாத் தெருவிலும் பிரசவம் பார்த்தார், குழந்தையின் எடை பார்த்தார். ஊரில் குழந்தை இறப்பு குறையத் தொடங்கியதும் தீட்டுப் பேச்சு அடங்கியது.

அவர்கள் செய்த இன்னொரு காரியம் நம் கேள்விக்கு நேரான பதில். அந்த ஊர்களில் குடிநீர்க்காக ஆழ்துளைக் கிணறு போட வேண்டி வந்தபோது, குழாய்களைத் தலித் குடியிருப்புப் பக்கமாகவே அமைக்க ஏற்பாடு செய்தார்கள். தண்ணீர் வேண்டும் என்றால் ஊர்க்காரர்கள் அங்கே வந்தாக வேண்டும். வந்தார்கள். இந்தப் பணிக்காக 1979இல் இருவருக்கும் மகசேசே விருது கிடைத்தது.

நம் மாநிலத்திலும் உதாரணம் உண்டு. தருமபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே இருக்கும் சிட்டிலிங்கியில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993இல் ஒரு குடிசையில் மருத்துவம் பார்க்கத் தொடங்கினார்கள். அந்தப் பழங்குடிப் பெண்களுக்கே செவிலியர் பயிற்சி கொடுத்து மருத்துவமனையை வளர்த்தார்கள்.

இவற்றிலிருந்து இரண்டு விஷயங்கள் விளங்குகின்றன. பொதுச் சேவையை நம் தெருவில் நிறுத்தினால் ஊரும் வரும், ஊரில் நிறுத்தினால் நம் தெரு வராமல் போகும். அடுத்தது, மருந்து கொடுக்கும் கை நம் தெருவின் கையாகவும் இருக்க வேண்டும்.

மருத்துவர் வந்தால் தண்ணீரும் தெரியும்

மருத்துவ வண்டி மாத்திரை கொடுப்பதோடு முடிவதில்லை. நோய் எங்கிருந்து வருகிறது என்று கேட்கவும் அதற்குத்தான் முடியும். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்த கொடுமை எப்படி வெளியே வந்தது? குழந்தைகள் அடுத்தடுத்து நோயுற்றார்கள். குடிநீரில் கோளாறு இருக்கலாம் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகுதான் ஊர் மக்கள் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். ஒரே தெருவில் நான்கு பேருக்கு வயிற்றுப்போக்கு என்றால் அது நோயாளிகளின் கதை அல்ல, குழாயின் கதை என்று சொல்ல அங்கே ஒரு மருத்துவக் கண் வேண்டும் என்பதுதான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

நூறாண்டுக் கோரிக்கை

1924இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, பொது அலுவலகம் எதையும் எந்தச் சாதியினரும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். அது அரசாணையாகவும் வெளிவந்தது. ஊர்த் தெருவில் நாம் நடக்கும் உரிமைக்கான போராட்டம் அது. நூறு ஆண்டு கழித்து நாம் கேட்பது, அரசு நம் தெருவுக்கு நடந்து வர வேண்டும் என்பது.

மருத்துவம் நமக்கு அந்நியமானதும் அல்ல. அயோத்திதாசப் பண்டிதர் தேர்ந்த சித்த மருத்துவர். பத்திரிகை நடத்திய அதே கையால் நாடி பிடித்துப் பார்த்தவர். மருத்துவம் கேட்டு நிற்கும் கூட்டமாக மட்டும் நம்மைப் பார்ப்பவர்கள் இந்த வரலாற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

கல்லூரி மாணவர்கள், பள்ளி மேல்வகுப்புப் பிள்ளைகள் இந்த வேலையை எடுத்துக்கொள்ளலாம். பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை.

முதலாவது, வண்டியின் பயணத் திட்டம். எந்த நாள், எந்த இடம், எத்தனை மணி என்று வட்டாரத்தில் முன்கூட்டியே திட்டம் போடுகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்கி, தெருவின் பொது இடத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். வரும் நாளே தெரியாமல் வாய்ப்பு தவறுவதை இது தடுக்கும்.

இரண்டாவது, ஒரு நோட்டுப் புத்தகம். வண்டி வந்த தேதி, நின்ற இடம், நின்ற நேரம், நம் தெருவிலிருந்து போனவர் எத்தனை பேர், மருந்து கிடைத்ததா என்று ஆறு மாதம் எழுதி வையுங்கள். அதிகாரிகளிடம் ஆத்திரத்தைவிட நோட்டுப் புத்தகம் நன்றாகப் பேசும்.

மூன்றாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005. கடந்த ஓராண்டில் நம் ஊராட்சியில் வண்டி நின்ற இடங்கள், தேதிகள், பார்த்த நோயாளிகள் எண்ணிக்கை ஆகியவற்றைக் கேட்டு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பிக்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்தக் கட்டணமும் இல்லை. 30 நாளுக்குள் பதில் வர வேண்டும்.

நான்காவது, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள். நடமாடும் மருத்துவ வண்டி மாதம் மாறி மாதமாவது நம் தெருவில் நிற்க வேண்டும், வேலை நாட்களில் காலை ஏழு மணிக்கோ மாலையிலோ வர வேண்டும் என்று எழுத்துபூர்வமாகத் தீர்மானம் கேளுங்கள். மதகு குறுகலாக இருக்கிறது, வண்டி திரும்பாது என்று பதில் வந்தால், மதகை அகலப்படுத்த அடுத்த தீர்மானம். நிழல் இல்லை என்றால் அங்கன்வாடியோ சமுதாயக்கூடமோ இருக்கிறது.

ஐந்தாவது, சுகாதாரத் தன்னார்வலர். உங்கள் ஊராட்சியில் மக்களைத் தேடி மருத்துவத்துக்கு யார் தேர்வாகியிருக்கிறார்கள், நம் தெருப் பெண்கள் அதில் இருக்கிறார்களா என்று பாருங்கள். காலியிடம் வரும்போது நம் மகளிர் குழுக்களிலிருந்து அக்காமார்களை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கிராம சுகாதாரக் குழுவிலும் நமக்கு இடம் வேண்டும். துப்புரவு, குடிநீர் போன்ற சிறு செலவுகளுக்கு அந்தக் குழுவுக்கு நிதி வருகிறது. அது எந்தத் தெருவில் செலவாகிறது என்பதும் நம் கேள்விதான்.

இதையெல்லாம் சண்டையாக நடத்தத் தேவையில்லை. வண்டியோடு வரும் மருத்துவரும் செவிலியரும் பெரும்பாலும் சொன்ன இடத்துக்கு வருகிறவர்கள். இடத்தைச் சொல்வது ஊர். இதுவரை ஊரின் பெயரால் ஒரு தெரு மட்டுமே பேசியது. சில இடங்களில் நம் சமூகத்துப் பெண்ணே செவிலியராக வந்து, ஊர்த் தெருவில் தண்ணீர் கேட்கத் தயங்கி நிற்கும் நிலையும் உண்டு. அவருக்குத் துணையாக நிற்பதும் நம் வேலை.

திட்டத்தின் பெயரிலேயே 'மக்களைத் தேடி' என்று இருக்கிறது. தேடி வருகிறவருக்கு வழி தெரியவில்லை என்றால் வழி காட்ட வேண்டியது அந்தத் தெருவில் படித்த பிள்ளைகள். வரும் கிராம சபைக்கு அந்த நோட்டுப் புத்தகத்தோடு போங்கள்.